விமானப் பயண நேரத்தை மனக்கணக்கில் போட

இரண்டு ஊர்களுக்கும் இடையிலான வான்வழி தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி நேரத்தைக் கூட்டினால், நிற்காமல் போகும் விமானத்துக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய வந்துவிடும். லண்டன் – நியூயார்க் சுமார் 5,550 கி.மீ., அப்படியென்றால் 7 மணி நேரம். பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில்தான் பறக்கின்றன, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்குவதற்கும் அந்த அரை மணி. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதால் அதைக் கழித்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும், இந்தக் கணக்கு மேல்.

தூரத்தைக் கூகுள் மேப்பின் அளக்கும் வசதியில் எடுங்கள். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் தப்பாகும்.

ஆனால் காற்றை மறந்துவிடக் கூடாது. உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்றால் அதே நியூயார்க்குக்குப் போக 8 மணி நேரத்தை ஒட்டி ஆகும், திரும்ப 7 போதும். வான்வெளி மூடியிருந்தால் கணக்கு சுத்தமாக உதவாது: ஹெல்சிங்கி – டோக்கியோ 2022க்கு முன் பத்து மணி நேரத்துக்குள், இப்போது ரஷ்யாவைச் சுற்றிப் போவதால் சுமார் 13. குட்டி தூரங்களுக்கும் புரொப்பெல்லர் விமானங்களுக்கும் இது வேண்டாம்.