சுகர் இருக்கிறதா? யூரினில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்தீர்களா?

அம்மாவுக்குச் சுகர் வந்து 11 வருடம். வெறும் வயிற்றில், சாப்பிட்ட பிறகு, மூன்று மாதச் சராசரி என்று எல்லாம் ஒழுங்காகத்தான் பார்த்து வந்தோம். ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.2 என்று வந்தது, லேப் தாளில் 1.2 வரை நார்மல் என்று அச்சடித்திருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 60 வயதுப் பெண்ணுக்கு 1.2 என்றால் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) கணக்கில் சுமார் 52தான் வரும். 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

இது அபூர்வமும் இல்லை. சர்க்கரை நோயாளிகளில் 100க்கு 20 முதல் 40 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வின்படி இந்தியாவில் மட்டும் சர்க்கரை உள்ளவர்கள் சுமார் 10 கோடி. கால் வீங்கும்வரை உடம்பு பெரும்பாலும் எதையும் காட்டிக்கொள்ளாது.

அதனால் லேபுக்குப் போகும்போது 'மைக்ரோ ஆல்புமின், கிரியேட்டினின் ரேஷியோவோடு' என்று வாய்விட்டுக் கேளுங்கள். சாதாரண யூரின் டெஸ்டில் கொஞ்சமாகக் கசியும் புரதம் தெரியாமல் போய்விடும். அந்த ரேஷியோ 30க்குக் கீழே இருந்தால் நல்லது, 30 முதல் 300 வரை கசிவு தொடங்கிவிட்டது, 300க்கு மேல் தீவிரம். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி இருந்தாலும் எண் ஏறும், ஆகவே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம்; மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து இரண்டு முறை அதிகமாக வந்தால்தான் உறுதி. டைப் 2 என்றால் சுகர் கண்டுபிடித்த அன்றே, டைப் 1 என்றால் ஐந்து வருடம் கழித்து, அப்புறம் இருவருக்குமே வருடம் தவறாமல்.

கசிவு உறுதியானால் டாக்டர் பெரும்பாலும் டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் வகை பிரஷர் மாத்திரை ஒன்று தருவார். தொடங்கிச் சில வாரங்களில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாகப் பயமில்லை, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கூடவே டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை பொருந்துமா என்று கேளுங்கள். சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்காமல் சிறுநீரகத்தையும் காக்கிறது என்று 2019, 2020இல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்ததும் இந்தியாவில் விலையும் இறங்கிவிட்டது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி பேதி வந்தால் எந்தெந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரஷர் 130/80க்குள், உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாமே அந்தக் கணக்கில் வரும். உப்புக்குப் பதிலாக 'லோ சோடியம்' உப்பு வாங்காதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகம் பழுதானால் அது உடம்பில் தேங்கிவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. வருடக்கணக்கில் போட்ட அதே இன்சுலினுக்கு, சாப்பாடு மாறாமலே, திடீரென்று அடிக்கடி லோ சுகர் ஆகிறதா? சுகர் குணமாகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். சிறுநீரகம் பழுதானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். அந்த வாரமே கிரியேட்டினின் பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.