பாறைச் சரிவில் ரிம்மை விட்டுக் கழன்ற டயரை ஏற்றியது எப்படி? - என் அனுபவம்

டியூப்லெஸ் டயரில் காற்றை 14 பிஎஸ்ஐ வரை இறக்கினால் பாறையில் பிடிமானம் அபாரம். ஆனால் சாதாரண ரிம்மில், பக்கச் சரிவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் பீட் (ரிம்மில் பதிந்து நிற்கும் உள்விளிம்பு) ரிம்மை விட்டு நழுவும். நண்பர்களோடு போன வண்டியில் முன் இடது சக்கரத்துக்கு இதுதான் ஆனது.

மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை வைத்துத் தூக்கினோம். ரிம் விளிம்பை நன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு மணல் துணுக்கு போதும், காற்று கசிய. பீட்டில் சோப்பு நீர் தடவி, ராட்செட் பட்டையை (சரக்கைக் கட்டி இறுக்கும் பட்டை) டயரின் வெளிச்சுற்றில் நடுவாகச் சுற்றி இறுக்கினால் பக்கச்சுவர்கள் விரிந்து ரிம்மைத் தொடும். வால்வு ஊசியை (வால்வுக்குள் காற்றைத் தடுத்து நிற்கும் சிறு துண்டு) கழற்றிவிட்டுக் காற்றடித்தால் சின்னக் கம்ப்ரசரே போதும். காற்று பிடிக்கத் தொடங்கியதும் பட்டையைத் தளர்த்திவிடுங்கள். இரு பக்கமும் 'டப்' என்று உட்காரும். 40 பிஎஸ்ஐ வரை உட்காராவிட்டால் மேலே ஏற்றாதீர்கள். காற்றை இறக்கி மறுபடி சோப்பு தடவுங்கள். விரலை இடுக்கில் விடவே கூடாது.

பெட்ரோல் தெளித்துக் கொளுத்தி டயரை உட்கார வைக்கும் வித்தையை வீடியோவோடு விட்டுவிடலாம்.

ஊசியைத் திரும்பப் போட்டு 20 பிஎஸ்ஐ வைத்தோம். சோப்பு நீரில் குமிழி இல்லை, கிளம்பினோம்.