ஃபேனைத் திருப்பி வைத்தேன்

2021 மே. பாளையங்கோட்டையில் எங்கள் வளவு வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். ஆச்சிக்குக் கொரோனா, பார்த்துக்கொள்ள நான் மட்டும். புழுக்கத்துக்கு டேபிள் ஃபேனை அவள் தலைமாட்டில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது: அவள் இருமுகிற காற்றெல்லாம் பட்டாசல் கூடத்தில் கிடக்கும் என் பாய்க்கே வருகிறது!

ஃபேனைத் தூக்கி ஜன்னலோரம், வெளியே ஊதும்படி வைத்தேன். ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். புகை நேராக முடுக்குக்குப் போயிற்று. ஊரடங்கில் அங்கே ஆள் நடமாட்டமும் இல்லை.

தாடியையும் மழித்தேன். தாடி இருந்தால் என்-95 மாஸ்க் முகத்தோடு படியாது, ஓரத்தில் காற்று நுழையும். "என்னல, பொண்ணு பாக்கப் போறியா?" என்றாள் ஆச்சி.

ஆக்ஸிமீட்டரில் ஆச்சியின் ஆக்ஸிஜன் அளவை நான்கு வேளையும் பார்த்தேன். 94-க்குக் கீழே போனால் டாக்டருக்கு போன் என்று கதவில் எழுதி ஒட்டினேன். போகவில்லை. பதினைந்தாம் நாள், "சொதியில உப்பு கூடிட்டுல" என்றாள்.