குஞ்சு சேவலா பெட்டையா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

முதல் தவறு குஞ்சு பொரிப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. கூரான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று பொறுக்கிப் பொறுக்கி அடைவைக்கிறார்கள், சிலர் நூலில் மோதிரத்தைக் கட்டி முட்டைமேல் ஆட்டிப் பார்க்கிறார்கள். பாலினம் குரோமோசோமில் முடிவாகிவிடுகிற விஷயம், அதுவும் முட்டைக்கு ஓடு வருவதற்கு முன்பே. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஓட்டின் வடிவத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் சேவலும் பெட்டையும் ஏறக்குறைய பாதிப் பாதி பிறப்பதால், எந்தக் குருட்டு முறையும் பாதி தடவை பலித்துவிடும். இந்த நம்பிக்கைகள் சாகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அடுத்தது இறக்கையை விரித்துப் பார்ப்பது. இது பொய்யில்லை, ஆனால் எல்லாக் குஞ்சுக்கும் பொருந்தாது. இறகு மெதுவாக வளரும் மரபணு உள்ள தாய்க்கும் வேகமாக வளரும் தந்தைக்கும் பிறந்த குஞ்சுகளில்தான் இது வேலை செய்யும்: பெட்டைக்கு முதன்மை இறகுகள் (இறக்கை நுனிப் பக்கத்துப் பெரிய இறகுகள்) அவற்றின் அடியை மூடும் மேல்மறைப்பு இறகுகளைவிட நீளமாக இருக்கும், சேவலுக்கு இரண்டும் ஒரே அளவில் அல்லது முதன்மை இறகு குட்டையாக இருக்கும். அதையும் பொரித்த ஓரிரு நாளில் பார்த்துவிட வேண்டும். பெற்றோர் யாரென்றே தெரியாத கலப்புக் குஞ்சின் இறக்கையை விரித்து வீடியோ பார்த்துத் தீர்ப்பு சொல்வது பூவா தலையா போடுவதுதான்.

நிறமும் அப்படியே. ரோட் ஐலண்ட் ரெட் இனச் சேவலை வரிபோட்ட பிளைமவுத் ராக் இனப் பெட்டையோடு சேர்த்தால், தலையில் வெளிர் புள்ளி உள்ள குஞ்சு சேவல், இல்லாதது பெட்டை. ஜோடியை மாற்றிப் போட்டால் கதை முடிந்தது, எல்லாக் குஞ்சுக்கும் புள்ளி வந்துவிடும். அந்தக் கலப்புக் குஞ்சுகளையே வளர்த்து மறுபடி இனம் சேர்த்து, அடுத்த தலைமுறையிலும் புள்ளியை நம்புகிறவர்களும் உண்டு. நம்பக்கூடாது.

எச்சத் துவாரத்தை அமுக்கிப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். ஜப்பானில் 1920களில் உருவான முறை அது. நீண்ட பயிற்சி எடுத்தவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். சேவலுக்கு உள்ளே தெரிகிற புடைப்பு கடுகளவுகூட இருக்காது, சில பெட்டைகளுக்கும் சின்னதாக இருந்து ஏமாற்றும். தெரியாத கை அழுத்தினால் குஞ்சுக்கு உள்காயம்தான் மிச்சம்.

சரி, கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருப்பவர்கள் செய்வது வேறு தவறு: தனியாக ஒரு குஞ்சின் கொண்டையைப் பார்த்து முடிவெடுப்பது. லெக்ஹார்ன் இனத்தில் பெட்டைக்கே கொண்டை பெரிதாக வரும். பட்டாணிக் கொண்டை (தலையோடு படிந்த குட்டைக் கொண்டை) உள்ள இனங்களில் சேவலுக்கும் சின்னதாகவே தெரியும். அதனால் ஒரே இனம், ஒரே வயதுக் குஞ்சுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 6 முதல் 8 வாரத்தில் கொண்டையும் தாடியும் சட்டென்று சிவந்து, காலும் தடித்திருந்தால் பெரும்பாலும் சேவல். சண்டை போடுகிறது, நெஞ்சை நிமிர்த்துகிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுக்காதீர்கள், பெட்டைக் குஞ்சுகளும் நன்றாகவே மல்லுக்கட்டும்.

கண்ணால் பார்த்துச் சொல்வதில் நான் நம்புவது வாலுக்கு முன்னால் முதுகில் வரும் இறகுகளைத்தான். ஏறக்குறைய 12 வாரத்துக்கு மேல் அவை சேவலுக்கு நீண்டு, ஒடுங்கி, நுனி கூராக, பளபளப்பாக வரும். பெட்டைக்கு நுனி உருண்டையாகவே இருக்கும். இதற்கும் விதிவிலக்கு உண்டு. செப்ரைட் இனச் சேவலுக்குப் பெட்டை இறகுதான். சில்கி இனம் பல மாதம் பிடி கொடுக்காது, முட்டை வந்தபிறகுதான் தெரிந்தது என்பவர்கள் ஏராளம்.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால் டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது. அதற்கு இறகு அனுப்புவதானால் அந்தக் குஞ்சிடமிருந்தே வேரோடு எடுத்து அனுப்புங்கள், கூண்டில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி அனுப்பினால் அது யாருடையது என்பதே சந்தேகம்.