தற்காப்பு வீரரைத் திட்டுவதற்கு முன்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 நவம்பர் 5 அன்று அலபாமா மாநிலத்தின் டஸ்கலூசா நகரில், நாட்டின் முதல் இரண்டு இடங்களில் இருந்த எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்), அலபாமா அணிகள் மோதின. கூடுதல் நேரம்வரை இழுத்த அந்த ஆட்டத்தில் ஒரு டச்டவுன்கூட, அதாவது பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதுகூட, விழவில்லை. விழுந்த புள்ளிகள் எல்லாம் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுத்தவை. எல்.எஸ்.யு. 9, அலபாமா 6. எட்டு ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பர் 9 அன்று அதே மைதானத்தில் அதே இரண்டு அணிகள் மோதின. அலபாமாவுக்குப் பயிற்சியாளரும் அதே நிக் சேபன்தான். இம்முறை எல்.எஸ்.யு. 46, அலபாமா 41.

இந்த இரண்டு ஸ்கோர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: தற்காப்பு செத்துவிட்டது, இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஆளை மடக்கிப் பிடிக்கத் தெரியவில்லை. பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அது தவறு மட்டுமல்ல, அநியாயமும்கூட. களத்தில் நிற்கும் அந்த இருபது வயதுப் பையன் முன்பைவிட வேகமானவன், நன்றாகப் பயிற்சி பெற்றவன். மாறியது அவனிடம் கேட்கப்படும் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தற்காப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து நகரும் அந்த நொடியில் அவர் பந்தைப் பார்ப்பதில்லை. தனக்கு எதிரே, தாக்குதல் அணியின் முன்வரிசையில் குனிந்து நிற்கும் கனத்த ஆளைத்தான் பார்ப்பார். அந்த ஆள் முன்னே பாய்ந்தால் பந்தோடு ஓடி வரப்போகிறார்கள். பின்னே சாய்ந்தால் பந்தை எறியப்போகிறார்கள். பள்ளிக்காலத்திலிருந்தே ஆயிரக்கணக்கான முறை பழகி உடம்பில் ஊறிய பாடம் இது. முன்னே பாய்கிறாரா, நீயும் முன்னே பாய். அவ்வளவுதான்.

ஆர்பிஓ என்று மூன்றெழுத்தில் சொல்லப்படும் உத்தி அந்தப் பாடத்தையே பொய்யாக்கிவிட்டது. ஓட்டமா எறிதலா என்பதைப் பந்து நகர்ந்த பிறகு, தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கே முடிவு செய்யும் உத்தி அது. முன்வரிசை முழுதும் ஓட்டத்துக்கு இடிப்பதைப் போலவே முன்னே பாய்கிறது. குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரின் வயிற்றருகே நீட்டியபடி, கண்ணை மட்டும் அந்த லைன்பேக்கர் மீது வைத்திருக்கிறார். லைன்பேக்கர் முன்னே ஓரடி வைத்தால் பந்தை வெடுக்கென்று இழுத்து, அவர் விட்டு வந்த இடத்துக்கே எறிந்துவிடுகிறார். அவர் நின்ற இடத்திலேயே நின்றால் பந்து ஓட்டக்காரருக்குப் போகிறது. ஓட்டக்காரரைத் தடுக்க ஓர் ஆள் குறைவு. எந்தக் காலை எடுத்து வைத்தாலும் தவறு. தொலைக்காட்சியில் பார்க்கும் நமக்கு லைன்பேக்கர் இரண்டடி தாமதமாக வந்ததுதான் தெரியும். உடனே சோம்பேறி என்கிறோம்.

கல்லூரி விதிகளும் இந்த உத்திக்குத் துணை நிற்கின்றன. எறிதல் ஆட்டத்தில் முன்வரிசைக்காரர்கள் பந்து இருந்த கோட்டைத் தாண்டி மூன்று கஜம்வரை முன்னேறலாம். தொழில்முறை ஆட்டமான என்.எஃப்.எல்.லில் ஒரு கஜம்தான். கூடுதலாகக் கிடைக்கும் அந்த இரண்டு கஜத்தில்தான் லைன்பேக்கரின் கண் ஏமாறுகிறது. 2015இல் கல்லூரியிலும் அதை ஒரு கஜமாகக் குறைக்க வேண்டும் என்ற யோசனை வந்தது; அது நிறைவேறவில்லை.

ஆர்பிஓவுக்கு மூத்த அண்ணன் ஒருவன் உண்டு, ஸோன் ரீட். 1990களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் ரிச் ராட்ரிக்ஸ் பயிற்சியாளராக இருந்தபோது பிறந்தது. ஒரு நாள் குவார்ட்டர்பேக்கின் கையில் பந்து சரியாகச் சிக்காமல், ஓட்டக்காரருக்குக் கொடுக்க முடியாமல் போனது. தானே எடுத்துக்கொண்டு ஓடினார். ஏன் அந்தப் பக்கம் ஓடினாய் என்று கேட்டதற்கு, அங்கே நின்ற தற்காப்பு வீரர் உள்ளே பாய்ந்துவிட்டார் என்றார். அந்தப் பதிலிலிருந்து ஓர் உத்தியே கிளைத்தது: ஒரு தற்காப்பு வீரரை யாரும் தடுக்க வேண்டாம், அவர் எங்கே போகிறார் என்று பார்த்து எதிர்த்திசையில் போனால் போதும்.

பழைய ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். தாக்குதலில் பத்துப் பேர், தற்காப்பில் பதினொருவர். தற்காப்புக்கு எப்போதும் ஓர் ஆள் மிச்சம். பெரும் தற்காப்பு அணிகள் எல்லாம் அந்த ஓர் ஆள் மீது கட்டப்பட்ட கோட்டைகள்தான். குவார்ட்டர்பேக்கும் ஓடத் தொடங்கியதும் கணக்கு சமமானது. ஒருவரைத் தடுக்காமல் விட்டுவிட்டு, தடுக்க வேண்டியவரை வேறோர் ஆள் மீது அனுப்பியதும் கணக்கு தாக்குதலின் பக்கம் சாய்ந்துவிட்டது. வீரம், உழைப்பு என்று பேசுவதற்கு முன்னால் இந்தக் கூட்டல் கழித்தலைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்த தவறு, இந்த மாற்றம் ஏதோ நேற்றுப் பெய்த மழையில் முளைத்தது என்று நினைப்பது. 1989இல் அயோவா வெஸ்லியன் என்ற மிகச்சிறிய கல்லூரியில் ஹால் மம்மியும் மைக் லீச்சும் சேர்ந்தார்கள். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் எறிதல் ஆட்டத்தைப் படித்து, அதைச் சுருக்கி, நாலைந்து உத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றையே ஓயாமல் பழக்கினார்கள். ஏர் ரெய்டு என்று அதற்குப் பெயர் வந்தது. பெரிய கல்லூரிகளைப் போல மலை மலையான வீரர்களைச் சேர்க்க அவர்களிடம் வசதி இல்லை. ஆகவே களத்தை அகலப்படுத்தினார்கள். லீச் 2000 முதல் 2009 வரை டெக்சஸ் டெக்கில் இதையே செய்தார். இல்லாதவர்கள் கண்டுபிடித்த வழி என்பதால்தான் எனக்கு இதன் மீது தனி மரியாதை.

களம் அகலமாவது என்றால் என்ன? மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில் பந்து வைக்கப்படும் இரண்டு கோடுகளுக்கும் நடுவே 40 அடி, என்.எஃப்.எல்.லில் வெறும் பதினெட்டரை அடி. கல்லூரியில் பந்து இடக்கோட்டில் இருந்தால் வலப்பக்கம் 100 அடி வெட்டவெளி. அந்த நூறடியில் வேகமான மூன்று பேரை நிறுத்திவிட்டால், தற்காப்பு தன் ஆட்களைப் பாயை விரிப்பதைப் போல விரித்தாக வேண்டும். விரித்தால் நடுவே ஓட்டை விழும். ஒருநாள் கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டில் நிற்கும் பீல்டர்களின் எண்ணிக்கையைக் குறைத்தபோது, பந்துவீச்சாளர்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லையே.

மூன்றாவது, ஸ்கோர் பலகையை அப்படியே நம்புவது. 2018 நவம்பர் 24இல் டெக்சஸ் ஏ அண்டு எம் 74, எல்.எஸ்.யு. 72. இதைக் காட்டி, தற்காப்பின் கதை முடிந்தது என்றார்கள் பலர். முழு நேரம் முடிந்தபோது ஸ்கோர் 31-31. மீதி எல்லாம் ஏழு கூடுதல் சுற்றுகளில் வந்தவை. கூடுதல் சுற்றில் பந்தையே கோலிலிருந்து 25 கஜத்தில் வைத்துத் தொடங்குகிறார்கள். அங்கே எந்தத் தற்காப்பும் திணறத்தான் செய்யும். 2021 முதல் மூன்றாவது கூடுதல் சுற்றிலேயே, ஒரே முயற்சியில் இரண்டு புள்ளி எடுக்கப் பார்க்கும் முறைக்கு மாறிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இல்லினாயும் பென் ஸ்டேட்டும் ஒன்பது கூடுதல் சுற்று ஆடியும் முடிவு 20-18தான்.

அதே போல, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தார்கள் என்ற கணக்கும் ஏமாற்றும். எதிரணிக்குப் பந்து 14 முறை கிடைத்து 28 புள்ளி கொடுத்த தற்காப்பு, 9 முறை கிடைத்து 21 புள்ளி கொடுத்த தற்காப்பைவிட மேலானது. முதலாவது ஒரு முறைக்கு 2 புள்ளி கொடுத்திருக்கிறது, இரண்டாவது 2.33. வேகமாக ஆடும் அணியின் தற்காப்பு எப்போதும் மோசமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். 2016இல் ஓக்லஹாமா 66, டெக்சஸ் டெக் 59 என்று முடிந்த ஆட்டத்தில் இரண்டு அணிகளும் ஆளுக்குச் சரியாக 854 கஜம் எடுத்தன. டெக்கின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்தே 734 கஜம் எடுத்தார்; அப்படியும் தோற்றார். அன்று தற்காப்பு மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூச்சு வாங்க நேரமில்லாத ஆட்டம் அது.

மூச்சு வாங்குவது சின்ன விஷயமல்ல. முன்பெல்லாம் ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே தாக்குதல் வீரர்கள் வட்டமாகக் கூடி, அடுத்து என்ன என்று பேசிக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் தற்காப்பும் ஆளை மாற்றிக்கொள்ளும். இப்போது வட்டம் கூடுவது அரிதாகிவிட்டது. பந்து வைத்த கையோடு அடுத்த முயற்சி. தாக்குதல் அணி ஆளை மாற்றினால்தான் தற்காப்புக்கும் மாற்ற நேரம் கிடைக்கும் என்பது விதி. அவர்கள் மாற்றாவிட்டால், 150 கிலோ எடையுள்ள முன்வரிசை வீரர் அடுத்தடுத்து எட்டு, பத்து முயற்சிகளுக்கு அங்கேயே நிற்க வேண்டியதுதான். 2014இல் தற்காப்புக்கு ஆள் மாற்றப் பத்து விநாடி கட்டாயம் தர வேண்டும் என்ற யோசனை வந்து, எதிர்ப்பில் கைவிடப்பட்டது.

மாணவனாக இருந்த நாட்களில் கோல் கம்பத்துக்குப் பின்னால், மேல்வரிசையில்தான் எனக்கு டிக்கெட் கட்டுப்படியாகும். அங்கிருந்து பந்து சரியாகத் தெரியாது; ஆட்கள் நகர்வது தெளிவாகத் தெரியும். ஒரு மாலை, மூன்றாம் கால் பகுதியின் முடிவில், உள்ளூர் அணியின் கனத்த தற்காப்பு வீரர் ஒருவர் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி நின்றுவிட்டார். வெளியிலிருந்து மாற்று ஆள் ஓடிவரப் பார்த்தார். பயிற்சியாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டார். நேரம் இல்லை. அடுத்த ஓட்டம் நேராக அந்தக் களைத்த மனிதரின் மீதே வந்தது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் அவரைத் திட்டினார்கள். அவர் தலை நிமிர்வதற்குள் பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. அன்று முதல் நான் தற்காப்பு வீரர்களைத் திட்டுவதில்லை.

பயிற்சியாளர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. தாக்குதல் அடித்துத் தள்ளும்போது, அதிக ஆட்களைக் குவார்ட்டர்பேக்கின் மீது ஏவுவது. இதை பிளிட்ஸ் என்பார்கள். பார்க்க வீரமாக இருக்கும். பந்து ஒன்றிரண்டு விநாடியில் கையை விட்டுப் போகும் ஆட்டத்தில், பாய்ந்து வருபவர் போய்ச் சேருவதற்குள் அவர் விட்டு வந்த இடத்தில் பந்து விழுந்திருக்கும். இதற்கு நல்ல மறுமொழி வந்தது அயோவா ஸ்டேட்டிலிருந்து. 2017இல் தற்காப்புப் பயிற்சியாளர் ஜான் ஹீகாக் முன்வரிசையில் மூவரை மட்டும் வைத்து, பின்னால் ஆழத்தில் காவல் நிற்கும் சேஃப்டிகள் மூவரை நிறுத்தினார். நடுவே ஆழத்தில் நிற்கும் அந்த மூன்றாவது ஆள் ஓட்டத்தைத் தடுக்க வருவாரா, எறிதலைத் தடுக்கப் பின்வாங்குவாரா என்பது பந்து நகரும்வரை குவார்ட்டர்பேக்குக்குத் தெரியாது. கேட்கப்பட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்டார் ஹீகாக். அந்த அக்டோபரில், மூன்றாம் இடத்தில் இருந்த ஓக்லஹாமாவை அதன் சொந்த மைதானத்தில் 38-31 என்று வென்றார்கள். 31 புள்ளி கொடுத்தும் வெற்றி. 2011இன் அளவுகோலை வைத்து அந்தத் தற்காப்பைத் தோல்வி என்று எழுதினால் அதைவிடப் பெரிய பிழை இல்லை.

சேபன் கதையையும் பலர் பாதிதான் சொல்கிறார்கள். 2012இல் வட்டம் கூடாத வேக ஆட்டத்தைப் பார்த்து, கால்பந்து இப்படித்தான் இருக்க வேண்டுமா என்று வெளிப்படையாகக் கேட்டவர் அவர். 2014இல் லேன் கிஃபினைத் தாக்குதல் பயிற்சியாளராக அமர்த்தி அவரே மாறத் தொடங்கினார். 2020இல், அதே கிஃபின் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியின் தலைமைப் பயிற்சியாளராக வந்து அலபாமாவின் தற்காப்புக்கு எதிராக 647 கஜமும் 48 புள்ளியும் எடுத்தார். அலபாமா 63 எடுத்துத் தப்பியது. நல்ல தற்காப்பு நல்ல தாக்குதலை வெல்லும் காலம் போய்விட்டது என்று அந்தப் பருவத்தில் சேபனே சொன்னார். அந்த ஆண்டு பட்டமும் அவருக்குத்தான். தற்காப்பை உயிராகக் கருதிய மனிதர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார், அதனால் வென்றார்.

ஆனால் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இனித் தற்காப்பே வேண்டாம் என்பது கடைசித் தவறு. மறு ஆண்டே ஜார்ஜியா ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் புள்ளி அளவே கொடுத்து, இறுதியில் அலபாமாவையே 33-18 என்று வீழ்த்திப் பட்டம் வென்றது. அந்தத் தற்காப்பிலிருந்து ஐந்து பேர் என்.எஃப்.எல். அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 2022 தேர்வின் முதல் சுற்றிலேயே போனார்கள். 2023 பருவத்தில் மிச்சிகன், நாட்டின் தலைசிறந்த எறிதல் அணிகளில் ஒன்றான வாஷிங்டனை இறுதியாட்டத்தில் 13 புள்ளிக்குள் அடக்கியது. ஆனால் ஜார்ஜியாவுக்கும் மிச்சிகனுக்கும் புள்ளி எடுக்கவும் தெரியும். தற்காப்பு மட்டும் போதும் என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே 2023இன் அயோவா பல்கலைக்கழக அணி (அயோவா ஸ்டேட் வேறு) இருக்கிறது.

ஃபில் பார்க்கர் பயிற்றுவித்த அந்தத் தற்காப்பு ஆட்டத்துக்கு 14.8 புள்ளிதான் கொடுத்தது. 10-7, 15-13, 13-10 என்று பல வெற்றிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு பெற்றார்கள். பத்து வெற்றி. பிறகு தங்கள் கல்லூரிக் குழுவான பிக் டென்னின் இறுதியாட்டத்தில் மிச்சிகனிடம் 26-0, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் டென்னசியிடம் 35-0 என்று தோல்வி. கடைசி இரண்டு ஆட்டங்களிலும் அவர்களுடைய தாக்குதல் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அந்த அணியின் உதைப்பாளர் டோரி டெய்லர், தாக்குதல் தோற்று நிற்கும்போதெல்லாம் வந்து பந்தை எதிரணியின் பக்கம் உதைத்து அனுப்புபவர், அந்தப் பருவத்தில் மொத்தம் 4,479 கஜம் உதைத்தார். கல்லூரி ஆட்டத்தில் அது சாதனை. அவருடைய அணியின் தாக்குதல் வீரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஆண்டு முழுதும் எடுத்த தூரம் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு முறை அவர் உதைத்து முடித்ததும், அதே பதினொரு தற்காப்பு வீரர்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மறுபடியும் களத்துக்குள் ஓடினார்கள்.