வட்டக்கச்சியில் இருந்துகொண்டு மெடிக்கெயார் எடுப்பது

65 வயதில் கிடைக்கும் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதிதான் மெடிக்கெயார். என் கணவருக்கு 2018 செப்ரெம்பரில் 65 வயது முடிந்தது. நாங்கள் நியூ ஜேர்சியை விட்டு வட்டக்கச்சிக்கு வந்து அப்போது இரண்டு வருடம். "கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கிறார்கள், அமெரிக்காவுக்கு ஏன் மாதா மாதம் கட்டுவான்?" என்று அதில் மாதக் கட்டணம் உள்ள பகுதியான பார்ட் பியை எடுக்காமல் விட்டுவிட்டார். நானும் வாய் திறக்கவில்லை.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. இதயத்துக்குப் போடும் குளிசைக்காகக் கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று பார்மசி பார்மசியாக ஏறி இறங்கினோம். பெற்றோல் வரிசையில் நின்றது தனிக்கதை. ஏப்ரலில் அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் போனார். போய்ச் சேர்ந்த பிறகுதான், பிந்தியவர்கள் பதிவது ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை மட்டும் என்று தெரிந்தது. அடுத்த ஜனவரியில் பதிந்து, 2023 பெப்ரவரி 1இல்தான் காப்புறுதி தொடங்கியது. அதோடு மாதக் கட்டணத்துக்கு மேல் 40 வீத அபராதம். முழுதாகப் பிந்திய ஒவ்வொரு வருடத்துக்கும் 10 வீதம். பார்ட் பி இருக்கும் வரை அதுவும் இருக்கும்.

ஊர் திரும்பிய இன்னும் இரண்டு மூன்று குடும்பம் இங்கே இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் மாதத்தை எண்ணுங்கள். 65 முடியும் மாதம், அதற்கு முந்திய மூன்று, பிந்திய மூன்று, ஆக ஏழு மாதம். இதற்குள் பதிந்தால் அபராதம் இல்லை. ஒன்றாம் திகதி பிறந்தவர்கள் கவனம். என் பிறந்தநாள் மார்ச் 1. அவர்கள் கணக்கில் எனக்குப் பெப்ரவரியிலேயே 65. அதனால் என் ஏழு மாதம் நவம்பரில் தொடங்கி மே மாதத்தோடு முடிந்தது.

பார்ட் ஏ ஆஸ்பத்திரியில் தங்கும் செலவுக்கு. பத்து வருடம் வரி கட்டி உழைத்தவருக்கும், அவரை வைத்துக் கணவன் அல்லது மனைவிக்கும் மாதக் கட்டணம் இல்லை. யோசிக்காமல் எடுங்கள்.

யோசிக்க வேண்டியது டொக்டர் செலவைப் பார்க்கும் பார்ட் பி. 2026இல் மாதம் 202.90 டொலர், நம் காசில் அறுபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. வன்னியில் இருக்கும்வரை அதனால் ஒரு பனடோல்கூட வாங்க முடியாது. திரும்பிப் போவதில்லை என்று உறுதியாக இருப்பவர் விடலாம். ஆனால் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கும்போது அந்த உறுதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நான் எடுத்தேன். மகளின் வேலைத்தலக் காப்புறுதி இருக்கிறதே என்றும் நினைக்காதீர்கள். தானோ, கணவன் மனைவியோ இப்போது வேலை செய்வதால் கிடைக்கும் காப்புறுதி இருந்தால்தான் அபராதமில்லாமல் பிந்தலாம்.

மருந்துக்கான பார்ட் டி, பார்ட் ஏ, பி இரண்டுக்கும் பதிலாகத் தனியார் கம்பனிகள் நடத்தும் அட்வான்டேஜ், இரண்டையும் இங்கே குடியிருந்துகொண்டு எடுக்க முடியாது. அங்கே குடிபோனதும் இரண்டு மாதத்துக்குள் சேருங்கள். சரி, அங்கே இருந்துகொண்டு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து போகிறவர்கள்? அட்வான்டேஜ் எடுத்தவர் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால் பொதுவாக நீக்கிவிடுவார்கள். மெடிக்கெயார் கட்டாத மிச்சச் செலவுக்குத் தனியாரிடம் எடுக்கும் மெடிகேப் காப்புறுதியில், ஜி போன்ற சில திட்டங்கள் பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசர சிகிச்சைக்கு, 250 டொலர் கழித்து 80 வீதம் தரும். வாழ்நாளுக்கு 50,000 டொலர் வரை.

பார்ட் ஏ ஏற்கெனவே இருந்தால் பார்ட் பிக்கு சிஎம்எஸ் 40பி என்ற படிவம் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். சோஷியல் செக்கியூரிட்டி என்ற அமெரிக்க அரசு ஓய்வூதியம் வருபவருக்கு அதிலேயே கழித்துக்கொள்வார்கள். வராதவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் வரும், அவர்களிடம் இருக்கும் முகவரிக்கு. எங்களுடைய முதல் கடிதம் நியூ ஜேர்சிப் பழைய வீட்டுக்குப் போய், அங்கே குடியிருந்த பிள்ளை படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பித்தான் பார்த்தோம். படிவத்துக்கு முன்னமே முகவரியை மாற்றுங்கள்.