விமானங்களைக் கண்காணிக்கும் ரிசீவரைக் கேபிள் வழியாக வீட்டுக் கணினியுடன் இணைப்பது எப்படி?

வானில் பறக்கும் விமானங்களில் பெரும்பாலானவை தம்முடைய அடையாள எண், உயரம், வேகம், இருப்பிடம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் தாமாகவே அனுப்பிக்கொண்டே செல்கின்றன. இருப்பிடத் தகவல் நொடிக்கு ஏறத்தாழ இருமுறை வருகிறது. ஏ.டி.எஸ்.-பி. எனப்படும் இந்தச் செய்திகள் குறியாக்கம் எதுவும் செய்யப்படாதவை என்பதால், ஒரு சிறிய ஆன்டெனா, விரல் நீளமுள்ள ஒரு யூ.எஸ்.பி. ரிசீவர், ஒரு சாதாரணக் கணினி ஆகியவை இருந்தால் யாரும் அவற்றைப் பெற்று வரைபடத்தில் பார்க்கலாம். அவற்றைப் பெறுவதற்கும் பகிர்வதற்குமான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அதை மட்டும் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

வழிகாட்டிகள் பலவும் மென்பொருளிலிருந்தே தொடங்குகின்றன. கேபிளிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. ஆன்டெனாவுக்கும் கணினித் திரைக்கும் இடையே மூன்று வகைக் கேபிள்கள் வரக்கூடும்: ஆன்டெனாவையும் ரிசீவரையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலைப்பின்னல் கொண்டது), ரிசீவரையும் கணினியையும் இணைக்கும் யூ.எஸ்.பி. கேபிள், தேவைப்பட்டால் நெட்வொர்க் கேபிள். இம்மூன்றில் எதை நீளமாக வைக்கிறோம் என்பதுதான் எத்தனை விமானங்கள் தெரியும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

கோஆக்ஸ் கேபிளில்தான் இழப்பு அதிகம். 1090 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உயர்ந்த அதிர்வெண்ணில், பரவலாகக் கிடைக்கும் ஆர்ஜி-58 கேபிள் மீட்டருக்கு அரை டெசிபலுக்கும் (சிக்னல் வலிமை கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) மேல் சிக்னலை விழுங்கிவிடும். பத்து மீட்டர் போட்டால் ஏறக்குறைய ஆறு டெசிபல், அதாவது ஆன்டெனா பிடித்த ஆற்றலில் கால் பங்குதான் ரிசீவரை வந்தடையும். ஆறு டெசிபல் குறைந்தால் எட்டும் தூரம் பாதியாகக்கூடும். தொலைக்காட்சிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 கேபிளில் அதே பத்து மீட்டருக்கு இழப்பு சுமார் இரண்டு டெசிபல்தான். அதன் மின்மறுப்பு 75 ஓம் ஆயிற்றே, ரிசீவருடையது 50 ஓம் ஆயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபலுக்கும் குறைவு. மெல்லிய ஆர்ஜி-174 கேபிளையோ, சிறு ஆன்டெனாக்களோடு ஒட்டியே வரும் மெல்லிய கேபிளையோ ஓரிரு மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டாம். நீளம் தவிர்க்க முடியாதது என்றால், கேபிளின் கணினிப் பக்கத்தில் அல்லாமல் ஆன்டெனாவின் அடியிலேயே ஒரு முன்பெருக்கியை (சிக்னலை வலுப்படுத்தும் சிறு கருவி) பொருத்த வேண்டும். வழியில் இழந்துவிட்ட சிக்னலைப் பின்னால் பெருக்கினால், இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

முனைகளைத் திருகுவதற்கு முன் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். இவ்வகை ரிசீவர்கள் பலவற்றில் இருப்பது எஸ்.எம்.ஏ. எனும் சிறு திருகு முனையின் பெண் வகை: மரை வெளிப்புறம், நடுவில் சிறு துளை. அதில் செருகும் கேபிளின் நடுவில் ஊசி இருக்க வேண்டும். வைஃபை ஆன்டெனாக்களில் வரும் ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. முனை பார்ப்பதற்கு அதைப் போலவே இருக்கும், மரையும் அழகாகப் பொருந்தும். ஆனால் அதன் நடுவிலும் துளைதான் இருப்பதால் உள்ளே எதுவும் எதையும் தொடாது. ஆர்ஜி-6 கேபிளுக்கு நாமே எஃப் முனை (தொலைக்காட்சிக் கேபிளில் வரும் திருகு முனை) போடுவதானால், வெளிப்புற வலைப்பின்னலிலிருந்து ஒரே ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முனைகளைக் கையால் இறுக்கினால் போதும்.

ஆன்டெனா கூரைமேல் நிற்பதாக இருந்தால் அதன் தாங்குகம்பத்தை முறையாக நிலத்தொடர்பு செய்ய வேண்டும்; இடிமின்னல் தொடங்குமுன்பே கேபிளைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பதும் அவசியம். ஜன்னலோரம் வைத்தாலே தொடக்கத்திற்குப் போதுமானது. உயரமும் தடையற்ற வானமும் கிடைத்தால், பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வரை பிடிக்க இயலும். அதற்கு அப்பால் பூமியின் வளைவே மறைத்துவிடுகிறது.

அடுத்தது யூ.எஸ்.பி. கேபிள். ஆர்.டி.எல்.2832யு சில்லு கொண்ட ரிசீவர், நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் வீதம், மாதிரிக்கு இரண்டு பைட்டாக, இடைவிடாமல் கணினிக்கு அனுப்புகிறது. இது நொடிக்குச் சுமார் 4.8 மெகாபைட். யூ.எஸ்.பி. 2.0 இணைப்புக்கு இது பெரிய சுமையன்று என்றாலும், கேபிள் ஐந்து மீட்டரைத் தாண்டக் கூடாது, மின்சாரமும் அதே கேபிளில்தான் வர வேண்டும் என்பதால் தரம் குறைந்த நீட்டிப்புக் கேபிள்கள் இங்கே காலை வாரிவிடும். அதே சமயம், ரிசீவரைக் கணினியின் உடலிலேயே நேரடியாகச் செருகுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினியும் அதன் யூ.எஸ்.பி. 3.0 போர்ட்டுகளும் வானொலி இரைச்சலை உமிழ்பவை. ஓரிரு மீட்டர் நீளமுள்ள, நல்ல உறையிட்ட நீட்டிப்புக் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வைத்து, அதை யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டில் செருகுவதே பாதுகாப்பான ஏற்பாடு.

விண்டோஸ் கணினி இந்த ரிசீவரைத் தொலைக்காட்சிச் சாதனமாகக் கருதித் தவறான டிரைவரை (சாதனத்தைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) நிறுவ முயலும். ஸாடிக் என்ற சிறு மென்பொருளைத் திறந்து, எல்லாச் சாதனங்களையும் பட்டியலிடும்படி சொல்லி, 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ்' என்று தொடங்கிப் பூஜ்ஜியத்தில் முடியும் வரியைத் தேர்ந்தெடுத்து, வின்யூ.எஸ்.பி. டிரைவரை நிறுவ வேண்டும். பொத்தானை அழுத்துமுன், அங்கே காட்டப்படும் யூ.எஸ்.பி. அடையாள எண்ணின் பின்பாதி 2838 அல்லது 2832 என இருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதே பட்டியலில் விசைப்பலகையும் மவுஸும் இருக்கும், அவற்றின் டிரைவரை மாற்றிவிட்டால் அவை வேலை செய்யாமல் போகும். லினக்ஸில் இதற்கு நேர்மாறான வேலை: கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தானாக ஏற்றும் தொலைக்காட்சி டிரைவர் ரிசீவரைப் பற்றிக்கொள்ளாதபடி, அந்த டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டுக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதை, விமானங்களைத் தேடுவதற்கு முன்பே ஆர்.டி.எல். டெஸ்ட் என்ற கருவியால் சோதித்துவிடலாம். அதைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால், பைட்டுகள் விடுபடுகின்றனவா என்பதைத் திரையில் காட்டும். தொடக்கத்தில் ஒருமுறை விடுபடுவது இயல்பு. தொடர்ந்து விடுபட்டால் கேபிள், ஹப், போர்ட் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை தேறாமல் ஆன்டெனாவில் கைவைப்பது வீண்வேலை.

பிறகு டம்ப்1090 அல்லது அதன் வழிவந்த ரீட்எஸ்பி போன்ற ஒரு மென்பொருளை இயக்கினால் செய்திகள் வரத் தொடங்கும். ரிசீவர் சிக்னலைப் பெருக்கும் அளவை (கெயின்) உச்சத்தில் வைத்துவிடுவது பலருடைய வழக்கம். அருகில் பறக்கும் விமானத்தின் வலுவான சிக்னல் அப்போது ரிசீவரைத் திணறடித்துவிடும் என்பதால், புள்ளிவிவரத்தில் மிக வலுவான செய்திகளின் பங்கு சில விழுக்காட்டுக்குள் நிற்கும்வரை படிப்படியாகக் குறைப்பதே முறை. இந்த மென்பொருள் வழக்கமாக 30003 எண்ணுள்ள நெட்வொர்க் போர்ட்டில் (இது செருகும் துளையன்று, மென்பொருள்கள் தகவல் பரிமாறும் வாயிலின் எண்) எளிய உரை வடிவிலும், 30005 போர்ட்டில் பீஸ்ட் எனப்படும் பைனரி வடிவிலும் தகவலை வெளியிடுகிறது. வர்ச்சுவல் ரேடார் சர்வர் போன்ற வரைபட மென்பொருளில் அதே கணினியின் முகவரியையும் 30005 என்ற எண்ணையும் கொடுத்தால் விமானங்கள் வரைபடத்தில் தெரியும்.

ஆன்டெனா மாடியிலும் கணினி கீழ்த்தளத்தின் மறுகோடியிலும் இருந்தால், மூன்றாவது கேபிளே தீர்வு. ராஸ்பெரி பை போன்ற ஒரு குறுங்கணினியை மழை படாத பெட்டியில் ஆன்டெனாவுக்கு அருகிலேயே வைத்து, ரிசீவரை அதில் செருகி, டம்ப்1090ஐ அங்கேயே இயக்கிவிட வேண்டும். ரேடியோ சிக்னல் அங்கேயே தரவாக மாறிவிடுவதால், அதன்பின் நூறு மீட்டர் வரை செல்லும் நெட்வொர்க் கேபிளில் அது சிறிதும் தேயாது. ரவுட்டர் இருந்தால் குறுங்கணினிக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்; ரவுட்டர் இல்லாமல் இரண்டையும் நேரடியாக இணைப்பதானால், இரண்டுக்கும் 192.168.50.1, 192.168.50.2 என்பதுபோல ஒரே தொகுதியில் அடங்கும் முகவரிகளைக் கைப்படக் கொடுத்தால் போதும், இன்றைய சாதனங்களுக்குக் குறுக்கு மாற்றிய சிறப்புக் கேபிள் தேவையில்லை. வீட்டுக் கணினியின் வரைபட மென்பொருளில் முன்பு கொடுத்த முகவரிக்குப் பதிலாகக் குறுங்கணினியின் முகவரியை எழுதி, 30005 என்ற எண்ணை அப்படியே விட்டுவிட வேண்டும். வேறு எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை.